இருபத்து நான்கு மணி நேர மின்சாரம்

ஒன்பதாயிரம் வீடுகளின் உள்விவகாரம் யூனிட்காரருக்குத் தெரியும். அவற்றில் ஒரு வீட்டுக்குள்ளும் அவர் காலெடுத்து வைத்ததில்லை. இருபத்தாறு வருடம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்களுக்குப் பின்னால், கழிவறைச் சுவரின் மறுபக்கம் என்று மனிதர்கள் மீட்டரை ஒளித்து வைக்கும் இடங்களிலெல்லாம் குனிந்தும் எக்கியும் எண்களை எழுதிக்கொண்டு வந்தார். “யூனிட்காரர் வந்திருக்காரு, நாயைப் பிடி” என்பதுதான் தெருக்கள் அவருக்குச் சொன்ன வரவேற்பு.

எண் ஏறியிருந்தால் புது ஃப்ரிட்ஜ் வந்திருக்கிறது. பாதியாகக் குறைந்திருந்தால் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஒன்றுமே ஏறாமல் நின்றுவிட்டால் அந்த வீட்டுக் கதவை அவர் பார்க்கமாட்டார், எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஒரு குடும்பத்தை வெளியே நின்றபடியே இந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள முடியும் என்றால், உள்ளே போய்த் தெரிந்துகொள்ள மிச்சம் என்ன இருக்கப் போகிறது என்று அவர் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்பதைவிட, வேறு விதமாக நினைக்க அவருக்கு அவசியம் வரவில்லை என்பதே சரி.

பிறகு தானாகவே எண் அனுப்பும் மீட்டர்கள் வந்தன. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ஒரு கைக்கடிகாரத்தையும் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் மூன்று மாதம் அவர் காலையில் எழுந்ததும் சொந்த வீட்டு மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“நம்ம வீட்ல நான் ஒருத்தி, நீங்க ஒருத்தர். நீங்க டெய்லி வந்து கணக்கெடுக்கிற அளவுக்கு நான் என்னத்தைங்க திருடிடப் போறேன்?” என்றாள் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஆளுக்குத் தலைவலி வரும் என்று தெரிந்தவள். அதனால் எதையும் ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்பாள்.

அவளுக்கும் அவள் தம்பிக்கும் பொதுவாக ஒரு நிலம் இருந்தது. ஊரிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். சரிவான கல்நிலம். அவர்கள் அப்பா யாருக்கோ ஜாமீன் போட்டு, அந்த ஆள் பணத்துக்குப் பதில் தலையில் கட்டிவிட்டுப் போனது. அப்பா சாகும்வரை அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். மின்கம்பி கடைசிக் கம்பத்தோடு இரண்டு கிலோமீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

தம்பிக்கு டயர் ரீட்ரெடிங் பட்டறை. புது மெஷின் வாங்க வேண்டும், நிலத்தை ஒரு கோழிப்பண்ணைக்காரர் கேட்கிறார், விற்றுவிடலாம் என்று அவன் வந்து உட்கார்ந்த நாளில்தான் யூனிட்காரர் தன் மனதில் இருந்ததை முதல்முறையாகச் சொன்னார். அங்கே ஒரு சின்ன வீடு. ஒரே அறை. கூரையில் சோலார், மழைத்தண்ணீர்த் தொட்டி. நகரத்துக்காரர்கள் சத்தமில்லாத இடத்துக்குப் பணம் கொடுத்து வருகிறார்கள். நாள் வாடகைக்கு விடலாம்.

“மாமா, ஒயர் போகாத இடத்துக்கு யாரு வருவா?” என்றான் தம்பி.

“ஒயர் போகாததுனாலதான் வருவாங்க.”

“இருபத்தாறு வருஷம் ஒயருக்குப் பின்னாடியே சுத்திட்டு, இப்ப ஒயர் இல்லாத வீடு கட்டணுமாம். அக்கா, இவரைக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. கணவர் மூன்று மாதத்தில் ஒரு விஷயத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான். “ஒரு வருஷம் குடு,” என்றாள் தம்பியிடம். “அடுத்த வருஷம் இதே தேதி. கடைசி ரெண்டு மாசம் மாசத்துக்குப் பத்து நாளாவது ஆள் தங்கியிருக்கணும். இல்லைன்னா நானே வந்து கையெழுத்துப் போடுறேன்.”

தம்பி நாள்காட்டியைப் பார்த்து, தேதியைத் தன் ஃபோனில் ஏற்றிக்கொண்டான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் மெஷின் வேண்டும்.

அந்த வீட்டுக்கான திட்டம் ஒரு பழைய ரீடிங் நோட்டின் பின்பக்கங்களில் உருவானது. கையில் இருந்த தொகை சுவருக்கு வந்தால் கூரைக்கு வராது, கூரைக்கு வந்தால் தரைக்கு வராது. ஆகவே எதையும் புதிதாக வாங்குவதில்லை என்று தொடங்கினார். இடித்த பள்ளிக்கூடத்திலிருந்து நான்கு ஜன்னல்கள். நான்கும் நான்கு அளவு, சுவரை ஜன்னலுக்குத் தக்கபடி எழுப்ப வேண்டியிருந்தது. ஃபோன் டவரில் கழற்றிய பேட்டரிகள். விளிம்பு நசுங்கியதால் யாரும் வாங்காத சோலார் பலகைகள் நான்கு. கதவு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் தேடி, மூடிப்போன ஒரு பல் டாக்டரின் அறைக் கதவைக் கொண்டுவந்தார். அதில் ‘உள்ளே நோயாளி இருக்கிறார்’ என்று எழுதியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் ‘நோயாளி’ மட்டும் போகாமல் மங்கலாக நின்றது. மனைவி அதன்மேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினாள்.

கழிவறைதான் பெரிய வாக்குவாதம். தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படி ஆகாது. மரத்தூள் போட்டு மூடும் உலர் கழிவறை என்று அவர் வரைந்து காட்டினார்.

“காசு குடுத்து வர்றவங்க, போயிட்டு, மரத்தூள் அள்ளிப் போடுவாங்களா?”

“போடுவாங்க. எழுதி ஒட்டிடலாம்.”

“என்னன்னு எழுதுவீங்க? ‘வந்த வேலை முடிஞ்சுதா, இந்த வேலையையும் பாத்துட்டுப் போங்க’ன்னா?”

கடைசியில் ‘இரண்டு கரண்டி’ என்று மட்டும் எழுதி ஒட்டினார்கள். ஞாயிறுதோறும் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். அவள் சாந்து கலந்தாள், அவர் பூசினார். உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து அவர்கள் பூசியதைப் பார்த்து, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார்.

மின்சாரத்தில் மட்டும் யாருடைய யோசனையையும் யூனிட்காரர் கேட்கவில்லை. அது அவர் துறை. இரண்டு பேர் இருக்கும் வீடு நாளைக்குச் சராசரியாக எத்தனை யூனிட் ஓட்டும் என்று அவருக்கு மனப்பாடம். அதில் ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் ஆகியவற்றைக் கழித்தார். விளக்கு, மின்விசிறி, ஃபோன் சார்ஜ்: ஒன்றேகால் யூனிட். இரண்டு நாள் மேகம் மூடினாலும் தாங்க, பேட்டரியில் இரண்டரை யூனிட் இருப்பு. அதற்கு மேல் ஒரு பேட்டரி சேர்ப்பதற்குப் பதில் அந்தப் பணத்தில் தொட்டியைப் பெரிதாக்கினார். தப்பில்லாத கணக்கு. பிறகு மனைவி கடைக்கு லீவு போட, சோதனைக்காக இருவரும் ஐந்து நாள் அங்கே தங்கினார்கள். பேட்டரி ஒருநாளும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

இறங்காது. இருவரும் ஓர் அறையை விட்டு எழுந்தால் விளக்கை அணைத்துவிட்டு எழுபவர்கள். தன் தேவையை வைத்துப் பிறர் தேவையை அளப்பவன் எப்போதும் கஞ்சனாக இருப்பதில்லை. பெரும்பாலும் நல்லவனாகவே இருக்கிறான், அதனால்தான் அந்தத் தவறு கண்ணுக்குப் படுவதில்லை. யூனிட்காரரிடம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சராசரி என்பதை அவர் ஒரு ஆளாகவே நினைத்துப் பழகியிருந்தார். இத்தனை வருடம் அவருக்கு அறிமுகமான ஒரே ஆள் அதுதான். தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஏறக்குறைய அந்த ஆள்தான் திறப்பான் என்பது அவர் நம்பிக்கை.

வாடகை வீடுகளைப் பட்டியலிடும் ஒரு இணையதளத்தில் பதிவுசெய்யும்போது ஃபோனில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. படுக்கை எத்தனை, கார் நிறுத்த இடம் உண்டா, இருபத்து நான்கு மணி நேர மின்சாரம் உண்டா. கடைசிக் கேள்வியில் அவர் மூன்று நாள் நின்றார்.

“நிச்சயமா உண்டா?” என்றாள் மனைவி.

அவர் நோட்டைக் காட்டினார். ஐந்து நாள், மணிக்கு ஒரு எண். அவள் இரண்டு முறை பார்த்தாள். எண்ணில் பிழை இல்லை. அவர் ‘உண்டு’ என்ற கட்டத்தைத் தொட்டார்.

பதிவு வெளியாகி ஐந்து வாரம் ஒருவரும் வரவில்லை. தேதிக்கு எட்டு வாரம் இருக்கும்போது முதல் முன்பதிவு வந்தது. ஒரு பெண், அவள் கணவன், அவள் அப்பா. பத்து நாள். தம்பிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன், “பரவால்லையே மாமா, ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன்,” என்றான். அந்த ‘பரவால்லையே’யை யூனிட்காரர் மனைவியிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கார் மேடேறி வந்தது. பெரியவரைத் தாங்கி இறக்கினார்கள். ஐம்பது வருடம் அச்சகத்தில் இருந்தவராம். காது மந்தம், ஆனால் கண் கூர்மை. வந்ததும் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த எழுத்தின் வாலைப் பார்த்துவிட்டு, “இது கையால எழுதினது. நல்ல கை,” என்றார். அவர் மூக்கில் ஒரு மெல்லிய குழாய் இருந்தது. குழாயின் மறுமுனை ஒரு சின்ன சிலிண்டரில். மருமகன் காரின் பின்பக்கத்திலிருந்து சக்கரம் வைத்த ஒரு பெட்டியை இறக்கி உள்ளே உருட்டிக்கொண்டு போனான், வயரைச் சொருகினான். பெட்டி ஒரு முறை செருமிவிட்டு உறுமத் தொடங்கியது. குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றிப் பெட்டியில் மாட்டினார்கள். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின்.

எந்த மெஷினைக் கண்டாலும் அதன் முதுகில் இருக்கும் தகட்டைப் படிப்பது யூனிட்காரருக்கு அனிச்சைப் பழக்கம். முந்நூற்று ஐம்பது வாட் என்று இருந்தது.

“இது எவ்வளவு நேரம் ஓடும்?” என்று கேட்டார்.

“எவ்வளவு நேரம்னா?” மகளுக்குக் கேள்வி புரியவில்லை. “எப்பவும் ஓடும். அதான் இருபத்து நாலு மணி நேரம் கரண்ட் இருக்குன்னு பாத்து எடுத்தோம். வேற நாலு இடத்துல அது இல்லை.”

அவர் தலையாட்டினார். தொட்டியைக் காட்டினார். இரண்டு கரண்டியை விளக்கினார். மருமகன் அந்த விளக்கத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இவ்வளவும் ஆக ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் யூனிட்காரர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் நிமிடத்திலேயே விடை வந்துவிட்ட கணக்கை வேறு விடை வருமா என்று மறுபடி மறுபடி போட்டார். வெயில் இருக்கும்வரை பலகைகள் தாங்கும். ஆறு மணிக்கு மேல் பேட்டரி மட்டும். விளக்கைக்கூடப் போடாமல் இருந்தாலும் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் தீர்ந்துவிடும். அதன்பின் சிலிண்டர் மூன்று மணி நேரம், அதாவது விடியற்காலை நான்கு மணிவரை. வெயில் பலகையில் பட்டு மெஷினை இழுக்க எட்டு மணியாகும். இடையில் நான்கு மணி நேரம்.

மனைவி அவரைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். “என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?”

சொன்னார்.

அவள் முதலில் நம்ப மறுத்தாள். பிறகு வழி தேடினாள். “இன்னொரு சிலிண்டர் வெச்சிருப்பாங்க.”

“கேட்டேன். ஒண்ணுதான்.”

“ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தா?”

அவர் அதற்குள் மேலே பாறையில் ஏறி, சிக்னல் பிடித்து, அடுத்த ஊர்ப் பந்தல்காரரைக் கேட்டுவிட்டிருந்தார். இருந்த ஒரே ஜெனரேட்டர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது, திங்கட்கிழமைதான் திரும்பும்.

“ராத்திரி கரண்ட் போறப்ப அவங்க கார்ல கூட்டிட்டுக் கீழே இறங்கிட முடியாதா?”

“ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம். இந்த மண்ரோட்ல, இருட்டுல.” பிறகு அவர் தயங்கிச் சொன்னார்: “சில மெஷின் தகட்டுல போட்டிருக்கிறதைவிடக் கம்மியாத்தான் இழுக்கும். நூறு வாட் குறைஞ்சாக்கூட…”

அவள் அவரையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர் ஒரு எண்ணைத் தன் வசதிக்குக் குறைத்துச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவருக்கும் அது காதில் விழுந்தது. அப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

“போய்ச் சொல்லுங்க,” என்றாள். “இல்ல, நான் சொல்லவா?”

“நான் தொட்ட கட்டம். நானே சொல்றேன்.”

உள்ளே போய், நின்றுகொண்டே சொன்னார். அவர் பேச்சில் அழகு கிடையாது, எண்களாகவே சொன்னார். ஆறு, ஒன்று, நான்கு, எட்டு. மகள் முழுவதும் கேட்டாள்.

“ஆனா இருபத்து நாலு மணி நேரம்னு போட்டிருந்தீங்களே.”

“போட்டிருந்தேன்.”

“அப்ப பொய்யா போட்டீங்க.”

“பொய்னு நினைச்சுப் போடலைம்மா. லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது உண்மை. உங்க வீட்ல யாரு இருக்காங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை.”

“நாலு மாசமா அப்பா வெளிய போகணும்னு சொல்லிட்டே இருந்தாரு. டாக்டர்கிட்ட கெஞ்சி வாங்கின பத்து நாள் இது. நீங்க சாதாரணமா கேக்கலைன்னு சொல்றீங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மருமகன், “எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு எப்படியாவது சமாளிக்கலாமே சார், நாங்க ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டோம்,” என்றான்.

அந்த ஒரு நொடி யூனிட்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்துபோனது. வாசலில் கார், நாற்காலியில் ஆட்கள், ‘பரவால்லையே மாமா’ என்று சொல்லும் மச்சினன். பத்து நாள் நிறைந்துவிடும். ஒரு மாதத்துக்கான பத்தும் ஒரே மூச்சில். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது அவர். சரி என்று சொல்வதற்கோ எதிரில் ஒருவன் தயாராக இருக்கிறான்.

“சமாளிக்க முடியாது தம்பி. எனக்கு வேற எதுவும் தெரியாது, இது ஒண்ணு தெரியும்.”

பெரியவருக்கு விஷயத்தை மகள் காதருகே குனிந்து சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மெஷினைப் பார்த்தார். “சத்தமில்லாத இடம்னு சொன்னீங்க. நான்தான் சத்தத்தைக் கூடவே கூட்டிட்டு வந்துட்டேன்,” என்றார். பிறகு, “வெயில் இருக்கிற வரைக்கும் இருக்கலாம்ல?”

“நாலு மணி வரைக்கும் தாராளமா.”

“அப்ப நாலு மணிக்குப் போவோம். இப்ப எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க.”

நான்கு மணிவரை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சரிவில் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. கல், முள், தூரத்தில் யாரோ ஓட்டிப் போகும் ஆடுகள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வெளியே காரில் சாய்ந்து நின்றாள், உள்ளே வரவில்லை. யூனிட்காரரின் மனைவி டீ போட்டு எடுத்துப் போனபோது வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. முன்பணத்தையும் பெட்ரோல் செலவையும் யூனிட்காரர் நீட்டியபோது மருமகன் முன்பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். கார் இறங்கிப் போன பிறகும் மெஷினின் உறுமல் காதில் நின்றது.

யூனிட்காரர் நடந்துகொண்டதைப் பெரிய செயல் என்று சொல்லத் தோன்றலாம். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு முன் மேசைமேல் செய்திருக்க வேண்டியதை அவர் அன்று வாசலில் செய்தார்; அந்தத் தாமதத்துக்கான விலையில் பாதியை ஒரு நோயாளி கொடுத்தார். யூனிட்காரருக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் மச்சினன் வந்து பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. பாறைமேல் ஏறி ஃபோன் போட்டார்.

“வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்.”

மச்சினன் நடந்ததை முழுவதும் கேட்டான். “நீங்க செஞ்சது சரிதான் மாமா. நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா பாருங்க, இது நடக்காதுன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சுல்ல. கோழிப்பண்ணைக்காரர் இந்த வாரம் முடிவு சொல்லுன்னு நிக்கிறாரு. எட்டு வாரம் எதுக்கு இழுக்கணும்?”

பின்னாலேயே ஏறி வந்திருந்த மனைவி கையை நீட்டி ஃபோனை வாங்கினாள்.

“தம்பி, தேதி என்னன்னு உன் ஃபோன்ல இருக்கா?”

“இருக்குக்கா. ஆனா…”

“இன்னைக்கு அந்தத் தேதியா?”

“இல்லை.”

“அப்ப அந்தத் தேதி வரட்டும். அதுக்கு முன்னாடி அந்த ஆளு பேச்சை என்கிட்ட எடுக்காத.” ஃபோனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, வழுக்கும் பாறையில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கத் தொடங்கினாள். கட்டுமானம் தொடங்கிய நாளிலிருந்து அவள் அவருக்கு உதவியாகத்தான் இருந்தாள். அந்த வீடு தனக்கும் வேண்டும் என்று அவள் பேசியது அன்றுதான்.

மறுவாரம் மகள் தளத்தில் எழுதியிருந்தாள்: “அமைதியான இடம். ஆனால் போட்டிருப்பது உண்மையல்ல. உரிமையாளரே அதை ஒப்புக்கொண்டார்.” மூன்று வரி, இரண்டு நட்சத்திரம். நியாயமாக இருந்ததால் யூனிட்காரருக்கு அதில் கோபப்பட இடம் கிடைக்கவில்லை. அன்றே அவர் பதிவைத் திருத்தினார். இங்கே என்னென்ன இல்லை, எந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடும், மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் சிக்னல் வேண்டுமென்றால் எந்தப் பாறையில் ஏற வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனார்.

மனைவி இரண்டு முறை படித்தாள். “இது விளம்பரம் மாதிரி இல்லைங்க. வாக்குமூலம் மாதிரி இருக்கு.”

“எதையாவது எடுத்துடட்டுமா?”

“வேண்டாம். இருக்கட்டும்.”

ஃபோன் செய்தவர்களை அவர் விசாரித்தார். எத்தனை பேர், என்ன வயது, மாத்திரை ஏதாவது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா, கைக்குழந்தை உண்டா, பால் சூடுபண்ணுவது எதில். “சார், நீங்க போலீஸ்ல இருந்தீங்களா?” என்று ஒருவன் கேட்டான். ஒரு பெண், “தங்க இடம் கேட்டா ஜாதகம் கேக்குறீங்களே,” என்று வைத்துவிட்டாள். எட்டு வாரத்தில் நான்கு முறை ஆள் வந்தது. மொத்தம் பதினொரு நாள். வந்தவர்களுக்குக் குறை இல்லை; ஒருவர் மட்டும் கரண்டி சின்னது என்று எழுதினார்.

பதினொன்று இருபது ஆகாது.

அந்தத் தேதியன்று தம்பி கோழிப்பண்ணைக்காரரோடு வந்தான். காகிதங்களைப் பையிலிருந்து எடுக்காமல் வீட்டைச் சுற்றிவந்தான். கோணல் ஜன்னல்களைத் தடவிப்பார்த்தான். நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். பிறகு பண்ணைக்காரருக்குக் கேட்காதபடி தணிந்த குரலில், “அக்கா, வேணும்னா ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடலாமா? மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். அதை ஏதாவது சொல்லிப் பாக்குறேன்,” என்றான்.

யூனிட்காரர் மனைவியைப் பார்த்தார். சரி என்று ஒரு சொல் போதும்.

“அன்னைக்கு நீ தேதிக்கு முன்னாடி கேட்டே. தேதி தேதின்னு சொல்லி உன் வாயை அடைச்சேன்,” என்றாள் அவள். “இன்னைக்கு எனக்குன்னு வந்ததும் அதைத் தள்ளி வைன்னு சொன்னா, நான் என்ன மனுஷி? பேனாவைக் குடு.”

“யோசிச்சுச் சொல்லுக்கா.”

“எட்டு வாரமா யோசிச்சுட்டேன்.”

கதவுக் கண்ணாடிக்கு எதிரே நின்று, காகிதத்தைச் சுவரில் அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் செய்தது சரியா, அல்லது அது வெறும் வீம்பா என்று யூனிட்காரர் இன்றுவரை முடிவு செய்யவில்லை. சில நாள் சரி என்று தோன்றும். சில நாள், ஒரு வார்த்தைக்காக ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டோம் என்று படும். அவளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. போட்ட பிறகு பேனாவின் மூடியைத் திருகி மூட அவளுக்கு வெகுநேரம் ஆனது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

பண்ணைக்காரர் உள்ளே எட்டிப்பார்த்தார். “இதை இடிக்க வேண்டாம்னு பாக்குறேன். வாட்ச்மேன் தங்கிக்கலாம்ல? கரண்ட் இருக்குல்ல?”

“எத்தனை பேர் தங்குவாங்க?” என்றார் யூனிட்காரர்.

“ஒரு ஆளுதாங்க. பொண்டாட்டி வந்தா ரெண்டு.”

“வயசு?”

பண்ணைக்காரர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அறுபது இருக்கும். ஏன் சார்?”

“உடம்புக்கு எப்படி? மெஷின் எதுவும் வெச்சிருக்காரா? அவரை ஒரு தடவை என்கிட்ட பேசச் சொல்லுங்க. நம்பர் தர்றேன், எழுதிக்குங்க.”

பண்ணைக்காரர் எழுதிக்கொள்ளவில்லை. மனைவி உள்ளிருந்து ஒரு காகிதத்துண்டைக் கொண்டுவந்தாள். அதில் நம்பரைத் தெளிவாக, ஒவ்வொரு எண்ணுக்கும் இடைவெளி விட்டு எழுதி, பண்ணைக்காரரின் சட்டைப் பையில் வைத்தாள்.